ஊர் காட்டுதல்

1

"சேலத்துல பாக்கறதுக்கு என்னங்க இருக்கு? பேசாம ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க."

இந்த யோசனையை எனக்குச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ் படித்த நண்பர் ஒருவர் போன தை மாதம் சேலம் வந்தார். புதுச்சேரியிலும் சென்னை ஜார்ஜ் டவுனிலும் 'மரபு நடை' என்று இப்போது சொல்லப்படுகிற நகர்வலங்களில் கலந்துகொண்டவர். அதுபோலச் சேலத்தின் பழைய பேட்டைகளையும் ஒருநாள் நடந்தே பார்க்க வேண்டும், வழி நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். இந்த ஊரில் படித்தவன், தமிழ் எம்.ஏ., ஊர் காட்டத் தெரியாதா என்று ஒப்புக்கொண்டேன். பத்தே நிமிடத்தில் பட்டியல் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக எழுத வந்ததுதான் பின்னால் என்னைச் சந்தேகப்பட வைத்தது.

பட்டியல் இதுதான்: திருமணிமுத்தாற்றுப் பாலம், கோட்டை மாரியம்மன் கோயில், அழகிரிநாதர் கோயில், ஜாமியா மசூதி, சுகவனேசுவரர் கோயில், முதல் அக்ரகாரம், இரண்டாவது அக்ரகாரம். மதியத்துக்கு மேல் காரில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. மசூதிக்குப் பக்கத்தில் 'மத நல்லிணக்கம்' என்று ஒரு குறிப்பு வேறு.

கவிதையை, நாவலைப் பிரதி என்று எடுத்துக்கொண்டு அதன் மௌனங்களைத் தேடுகிற நாம், இதுபோன்ற பட்டியலைப் படிப்பதில்லை. ஆனால் இதுவும் ஒரு பிரதிதான். எந்தத் தெரு வரலாறு, எந்தத் தெரு வெறும் தெரு என்று இது தீர்மானிக்கிறது. நான் எழுதிய பட்டியலை நானே வாசித்துப் பார்த்த கதை இந்தக் கட்டுரை.

2

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்புவிடமிருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கலெக்டராக வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, பயிர் வைப்பவனோடு நேரடியாக வரியைப் பேசிமுடிக்கும் ரயத்துவாரி முறைக்கு இந்தச் சமவெளியில்தான் அடி போடப்பட்டது. அந்த நிர்வாகத்தின் எழுத்து வாரிசுகளாக 1883இல் லெ ஃபானுவின் சேலம் மாவட்ட மேனுவலும், 1918இல் ரிச்சர்ட்ஸின் கெசட்டியரும் வந்தன. புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரி படித்துத் தெரிந்துகொள்ள எழுதப்பட்ட புத்தகங்கள் இவை. அவனுக்கு ஊர் என்றால் கோட்டை, கோயில், மசூதி, பழைய கட்டடம். என் பட்டியலும் அதே வரிசையில்தான் போகிறது. கலெக்டர் கச்சேரி குமாஸ்தா ஒருவர் என் கையைப் பிடித்து எழுத வைத்தது மாதிரி.

இத்தனைக்கும் சேலத்தில் கோட்டைச் சுவர் இன்று இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. பேட்டைகளோ உயிரோடு இருக்கின்றன: செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை. பேட்டை என்ற பெயர் இல்லாவிட்டாலும் குகையும் அப்படிப்பட்ட இடம்தான். கோட்டை மாரியம்மனை எட்டுப்பேட்டை மாரியம்மன்களுக்குத் தலைவி என்பார்கள் சேலத்துக்காரர்கள். அதாவது அந்தத் தெய்வத்தின் பெருமையைக்கூட உழைக்கிற பேட்டைகளை வைத்துத்தான் ஊர் சொல்லி வந்திருக்கிறது. என் பட்டியலில் தலைவி இருந்தாள். பேட்டை ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? மரபு நடை என்ற வடிவத்தை நாம் பெற்றுக்கொண்ட இடம் அப்படி. சென்னையில் கோட்டைக்குள் வெள்ளையர் நகரம், வெளியே கறுப்பர் நகரம். அந்தக் கறுப்பர் நகரத்துக்குத்தான் பின்னால் ஐந்தாம் ஜார்ஜின் பெயர் வைக்கப்பட்டது. புதுச்சேரியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வாய்க்கால். வெள்ளைப் பகுதியில் சுவர், தூண், வளைவு, சன்னல் எல்லாம் நின்று காட்டுகின்றன. எனவே வரலாறு என்றால் நிமிர்ந்து பார்க்க ஒரு முகப்பு இருக்க வேண்டும் என்று கண் பழகிவிடுகிறது. பழகிய கண்ணுக்குச் சேலத்தில் ஒன்றும் தெரியாது. 'இங்க என்னங்க இருக்கு' என்று ஊர்க்காரனே சொல்வது அடக்கத்தினால் அல்ல. யாரோ கொடுத்த கண்ணால் அவன் தன் ஊரைப் பார்க்கிறான்.

மிஷெல் தெ செர்த்தோ 1980இல் எழுதிய புத்தகத்தில் நகரத்தில் நடப்பது பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்தின் 110ஆவது மாடியிலிருந்து கீழே பார்ப்பதில் அது தொடங்கும். மேலிருந்து பார்ப்பவனுக்கு நகரம் ஒரு வரைபடம். கீழே நடப்பவர்கள் தங்கள் காலால் எழுதுவதை அவன் படிக்க முடியாது. அந்தக் கட்டடம் 2001இல் தகர்ந்துவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஏற்காட்டில் லேடீஸ் சீட் இருக்கிறது. ராத்திரியில் அங்கே நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்குகளாக மினுங்கும். 'ஏற்காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்பதன் அர்த்தமும் இதுதான்: இந்த ஊரை மேலே நின்று பார்த்தால் போதும்.

3

இரண்டாவது பட்டியலுக்காகப் பேட்டைகளுக்குள் நடந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்கிறார்கள். இதற்கென்று தனித் தொழிற்சாலை தேடினால் கிடைக்காது. கம்பி இழுக்கிறது ஒரு வீடு, பற்றவைக்கிறது ஒரு வீடு, மெருகு போடுகிறது இன்னொரு வீடு. கொலுசு காலுக்குப் போகும் முன்பு தெருத்தெருவாக நடந்துவிடுகிறது. இந்தத் தெருவின் வரலாற்றை எந்தச் சுவரைக் காட்டிச் சொல்வது?

நெசவுத் தெருக்களில் இன்னும் சிக்கல். தமிழ், தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் எல்லாம் கேட்கிற தெருக்கள் அவை. குழித்தறி இருந்த வீட்டில் மனிதர்கள் தறிக்குப் போக மிச்சமிருந்த இடத்தில்தான் வாழ்ந்தார்கள். சமைத்ததும் படுத்ததும் பிள்ளை பெற்றதும் தறிக்குப் பக்கத்தில்தான். விசைத்தறி வந்து, கைத்தறியை விற்ற பிறகு குழியை மூடி சிமெண்டு பூசி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். அந்த வீட்டின் வரலாறு தரைக்குக் கீழே கிடக்கிறது. முகப்பைப் பார்க்கிறவனுக்கு அது சாதாரண ஒட்டு வீடு.

பாவடி என்ற சொல் இதைவிட முக்கியம். நெசவுக்கு முன்னால் பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்த்துக் காயவிட வேண்டும். அதற்கு நீண்ட வெற்றிடம் வேண்டும். அந்தப் பொது இடம்தான் பாவடி. சேலத்தில் பள்ளிக்கூடப் பெயரில்கூட இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாவு தோயும்போது ஒரு குடும்பம் மட்டும் போதாது, நாலு வீட்டு ஆள் வேண்டும். எனவே பாவடி தனிச்சொத்தாக இருக்க முடியாது. கூட்டு உழைப்பு தனக்காக ஒதுக்கிவைத்த காலி இடம் அது. கோயில் நிலத்துக்குக் கல்வெட்டு உண்டு, அக்ரகாரத்துக்குச் செப்பேடு உண்டு. பாவடிக்கு அதன் வெறுமைதான் சாட்சி. மரபுச் சின்னம் என்று தேடிப் போகிறவர்களுக்கு இதைக் காட்டினால், 'இங்கே முன்னால் என்ன கட்டடம் இருந்தது?' என்று கேட்பார்கள். ஒன்றும் இருந்ததில்லை என்பதுதான் அதன் வரலாறு.

அம்மாபேட்டையில், தெரிந்தவர் ஒருவரின் பாட்டி வீட்டில் இன்னும் ஒரு தறி இருந்தது. வெளிநாட்டு நண்பர் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"வரட்டும் சாமி, அதுக்கென்ன. ஆனா தறி ஓடறதில்ல. நூலு வாங்கி ஆறு மாசமாச்சு. ஓடற மாதிரி உக்காந்து காட்டோணுமா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பாட்டி விடவில்லை.

"நாம அவிய ஊருக்குப் போனா, இப்படி ஊட்டுக்குள்ள உட்டுக் காட்டுவாங்களா?"

ஊர் திரும்பும்போது ஆற்றுப்படை ஞாபகம் வந்தது. நம் மரபில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வடிவம் இருந்திருக்கிறது. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படைகள். அதில் வழி சொல்பவன் யார், கேட்பவன் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். வள்ளலைப் பார்த்துப் பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ, எதிரே பசியோடு வரும் தன் இனத்தானிடம் சொல்கிறான்: இந்தப் பக்கமாகப் போ. மலைபடுகடாத்தில் வழியின் அழகு மட்டும் வரவில்லை. வழுக்குப் பாறை, பாம்பு, தினைப்புனம் காப்பவன் வீசும் கவண்கல் எல்லாம் எச்சரிக்கையாக வருகின்றன. சொல்பவனும் அந்த வழியில் நடந்தவன், அடிபட்டவன் என்பதால்தான் அது சாத்தியமாகிறது. இந்த மாவட்டத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வள்ளல் இருந்தான், கொல்லிமலை ஓரி. அவனை நோக்கிப் போனவர்கள் பாணர்கள்.

இன்றைய சுற்றுலா இந்த வடிவத்தைத் தலைகீழாக்கிவிட்டது. பரிசில் கையில் வைத்திருப்பவர் நடந்து வருகிறார். பாணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஓடாத யாழை வாசிப்பது போலக் காட்ட வேண்டும். இடையில் வழிகாட்டியாக நான். பாணனின் இனத்தானும் அல்ல, வள்ளலின் இனத்தானும் அல்ல. இங்கிலீஷ் கொஞ்சம் தெரிந்த தரகன்.

4

'மத நல்லிணக்கம்' என்ற என் குறிப்புக்கு வருகிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் சாமி ஊர்வலம் போகும் பாதையில் இருந்த பள்ளிவாசலை வைத்து எழுந்த தகராறு, 1882 ஆகஸ்டில் கலவரமாக வெடித்தது. பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. வழக்கில் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார் சேர்க்கப்பட்டு, பத்தாண்டு நாடுகடத்தல் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையானார். 1920 நாக்பூர் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார். 'சேலத்துச் சிங்கம்' என்று பாடப்புத்தகம் வரை போனார். ஒரு கலவரத்திலிருந்து தேசியத் தலைவர் ஒருவரின் கதை கிளைத்தது. அதே கலவரத்தில் இடிபட்ட இடத்தின் கதை தெருவோடு நின்றுவிட்டது. நான் இதைத் தெரியாமல் விடவில்லை. விருந்தாளியிடம் ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்ற மரியாதையில்தான் விட்டேன். இந்த மரியாதைதான் பெருங்கதையாடலின் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடிக்கிறது.

1882இன் தகராறு எதைப் பற்றியது என்று யோசித்தால், அது நடப்பதைப் பற்றியதுதான். எந்தத் தெருவில் யார், எந்த நேரத்தில், மேளத்தோடா மேளமில்லாமலா போகலாம் என்பது. நம் ஊர்களில் தெருவில் நடப்பது எந்தக் காலத்திலும் சும்மா நடப்பதாக இருந்ததில்லை. 1924இல் வைக்கத்தில் கேட்டதே கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையைத்தான். கோயிலுக்குள் போவதைக்கூட அல்ல. அதற்காக ஈரோட்டிலிருந்து போன பெரியார் சிறையில் கிடந்தார். இருபது வருஷம் கழித்து, 1944 ஆகஸ்ட் 27ஆம் தேதி, இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி திராவிடர் கழகம் ஆனது. எங்கள் பக்கத்து ஊர்த் தெருக்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

அக்ரகாரத்துக்குள் வெளிநாட்டு நண்பர் கேமராவோடு நுழைந்தால் யாரும் ஏன் என்று கேட்கப்போவதில்லை. அவருடைய தோலே அனுமதிச் சீட்டு. இன்று அந்த அக்ரகாரங்கள் கடைவீதியாகிவிட்டன, யாரும் போகலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே போய் பழைய திண்ணையைக் காட்டி 'எவ்வளவு அழகு' என்று நாம் சொல்லும்போது, அந்தத் திண்ணையைத் தாண்டி நடக்கக்கூடாதவர்கள் இருந்தார்கள் என்பது அழகுக்குள் மறைந்துவிடுகிறது. அக்ரகாரத்தை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அங்கே போனால் கட்டடக்கலையை மட்டும் பேசித் திரும்ப முடியாது என்கிறேன். விடியற்காலையில் இந்தத் தெருக்களையெல்லாம் கூட்டிப் பெருக்குகிற பெண்ணுக்கு, என்னைவிட இந்த ஊர் தெரியும். ஒரு மரபு நடையிலும் வழிகாட்டியாக அவர் நின்று நான் பார்த்ததில்லை.

5

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும். ஊரில் உள்ள சண்டையையும் அசிங்கத்தையும் வெளியூரானிடம் சொல்வது காட்டிக்கொடுப்பது ஆகாதா? ஊர் காட்டுதல், காட்டிக்கொடுத்தல் இரண்டுக்கும் ஒரு சொல்தான் வித்தியாசம். இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளவில்லை. இதன் பேரில்தான் நாமக்கல் மாவட்டத்தில் ஒரு எழுத்தாளர் ஊரைவிட்டே போக நேர்ந்தது.

பெருமாள்முருகனின் மாதொருபாகன் 2010இல் வந்தது. நாலு வருஷம் அதைப் படித்தவர்கள் படித்தார்கள், படிக்காதவர்கள் சும்மா இருந்தார்கள். 2013இல் ஆங்கிலத்துக்குப் போனது. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது, புத்தகம் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தார். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் மீண்டும் எழுத வந்தார். நாவலின் நிறைகுறைகளைப் பற்றித் தனியே பேசலாம். அங்கே எழுந்த குற்றச்சாட்டின் அடித்தளம் எது? எங்கள் ஊரை, எங்கள் தேரை, எங்கள் பெண்களை வெளியே காட்டிவிட்டான் என்பது. ஊர் என்பது பேசுகிறவர்களின் சொத்து என்றும், ஊரின் பேரால் பேசும் உரிமை யாருக்கு என்பது முன்பே முடிவான ஒன்று என்றும் இந்தக் குற்றச்சாட்டு எடுத்துக்கொள்கிறது. 'எங்கள் ஊர்' என்று சொல்லும் குரலில் அதே ஊரின் எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்று அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நல்லதை மட்டும் காட்டும் சுற்றுலாப் பட்டியலும், கெட்டதைக் காட்டாதே என்று மிரட்டும் கூட்டமும் ஒன்றல்ல. ஒன்று மிரட்டுகிறது, மற்றது உபசரிக்கிறது. ஆனால் விட்டுவிடுகிற தெருக்கள் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கின்றன.

6

கடைசியில் ஏற்காட்டுச் சாலைக்கும் போனோம். நண்பர்கள் சொன்னபடி மலை ஏறுவதற்காக அல்ல.

அஸ்தம்பட்டியில் மத்தியச் சிறை இருக்கிறது. 1950 பிப்ரவரி 11ஆம் தேதி இந்தச் சுவருக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்து 22 பேர் செத்தார்கள். குடியரசு அறிவிக்கப்பட்டுப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்திருந்த மலபாரைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு இந்த ஊர் என்றால் இந்தச் சுவர் மட்டும்தான். சேலத்தின் ஒரு தெருவில்கூட நடந்திராமல் சேலத்தின் வரலாற்றில் சேர்ந்துவிட்டவர்கள். இடதுசாரிகள் ஆண்டுதோறும் அந்த நாளை நினைவுகூர்கிறார்கள். மற்ற நாட்களில் ஏற்காடு போகிற பஸ்ஸும் காரும் கடந்து போகின்றன.

அதே சாலையில் மேலே போனால் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியது இந்த வளைவுதான். 1950இல், சிறையில் சுட்ட அதே வருஷம், இங்கிருந்து மந்திரி குமாரி வந்தது. வசனம் மு. கருணாநிதி. சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர் அமெரிக்கர் எல்லிஸ் ஆர். டங்கன். தமிழ் தெரியாமல் தமிழ்ப்படம் எடுத்தவர். சேலத்துக்கு வந்த வெளிநாட்டவர் என்றால் கம்பெனிக்காரரும் பாதிரியாரும் மட்டுமல்ல என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "டங்கன் வேலை செய்ய வந்தார். நான் பார்க்க வந்திருக்கிறேன்" என்றார். நான் எழுத வேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

7

அன்று நடந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறு மணிக்குத் திருமணிமுத்தாற்றுப் பாலத்தில் ஆரம்பித்தோம். ஆறு சாக்கடையாக ஓடுகிறது, அதையும் பார்த்தோம். எங்கள் பக்கத்து வயல்களுக்கு இந்தத் தண்ணீர்தான் வருகிறது என்று சொன்னேன். கோட்டைக்குள் அரைமணி நேரம். செவ்வாய்ப்பேட்டையில் லீ பஜார் மூட்டைகளுக்கு நடுவே, 1882ஐப் பற்றிச் சொன்னேன். பிறகு குகை. அம்மாபேட்டையில் ஒரு காலி இடத்தில் பத்து நிமிடம் சும்மா நின்றோம். பாட்டி வீட்டுக்குப் போனோம். தறியைப் பார்க்கவில்லை, காப்பி குடித்தோம். பாட்டி அவரிடம் உங்க ஊரில் துணி யார் நெய்வது என்று கேட்டார். அவர் பதில் தேடிக் கொஞ்சம் திணறினார். அன்றைய நடையில் கேள்வி கேட்டது பாட்டி மட்டும்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனால் இரண்டாவது பட்டியலிலும் ஒரு பெரிய மௌனம் இருந்தது. இவ்வளவு பேசிய நான், தலித் குடியிருப்பு ஒன்றைக்கூட அதில் எழுதவில்லை. சேர்த்தால் வறுமையைக் காட்சிப்பொருளாக்கியவன் ஆவேன். விட்டால் கெசட்டியர் விட்டதையே நானும் விட்டவன் ஆவேன். ஒரு வாரம் இதிலேயே உழன்று, கடைசியில் தொழிற்சங்கத்தில் வேலை செய்யும் நண்பரிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எங்க தெருவ நீங்க ஏன் காட்டறீங்க? அவர அனுப்புங்க. சாயந்திரம் நாங்க கூட்டிட்டுப் போறோம். நீங்க வர வேணாம்."

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. எந்தத் தெரு என்று எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். அன்று சாயந்திரம் முனையில் அவரை இறக்கிவிட்டு, எதிரே டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அங்கே என்ன பேசினார்கள், எதைப் பார்த்தார் என்று நண்பர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தப் பகுதி மட்டும் என் பட்டியலில் இப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. அதை நிரப்ப வேண்டியவர்கள் நிரப்பிக்கொள்வார்கள்.